பாலேயிலிருந்து பார் கவுன்சில் வரை

(கோந்த்வாவில் நடந்த நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை. வெளியூர் அங்கத்தினர்களுக்காகச் சற்று விரிவாக்கி எழுதப்பட்டது.)

காரியதரிசி என்னைப் பேசக் கூப்பிட்டபோது, "ஸார், போன தடவை மாதிரி ஏதாவது ஸயன்ஸ் விஷயமாகச் சொல்லுங்கோ" என்றார். நானும் சரி என்றுதான் சொன்னேன். மழைமானி பற்றிக் குறிப்புகள்கூட எடுத்து வைத்தேன். பிறகு எங்கள் கட்டிடத்தில் மூன்றாவது மாடியில் இருக்கும் நண்பர் வீட்டில் ஒரு விஷயம் நடந்தது. அதில் நான் வாய் தவறி ஒரு தப்புச் செய்தேன். அந்தத் தப்பைச் சரி செய்துகொள்ள நான் தேடிப் படித்ததைத்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன். நண்பரிடமும் அவர் பேத்தியிடமும் அனுமதி வாங்கிவிட்டேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றார்கள்.

அந்தக் குழந்தைக்கு ஆறு வயதில் பரதநாட்டியம் ஆரம்பித்தார்கள். பன்னிரண்டு வயதில் எங்கேயோ வீடியோவில் 'ஸ்வான் லேக்' பார்த்துவிட்டு, பாலேதான் வேண்டும் என்று பிடிவாதம். சனி, ஞாயிறுகளில் அதிகாலை ரயிலில் தாத்தா மும்பைக்கு அழைத்துக்கொண்டு போவார். வகுப்பு முடியும்வரை வாசலில் உட்கார்ந்து தினசரியை இரண்டு தடவை படிப்பார். இப்படி ஆறேழு வருஷம். பிறகு அவள் ஒரு குழுவில் சேர்ந்து நாடெங்கும் ஆடினாள், வெளிநாட்டுக்கும் போய் வந்தாள். 28 வயதில், ஒத்திகையின்போது கணுக்காலில் தசைநார் கிழிந்துவிட்டது. சிகிச்சை முடிந்து எழுந்து நடந்தாள், மாடிப்படி ஏறினாள். ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில், "ஆடினது போதும் தாத்தா, நான் லா படிக்கப்போறேன்" என்று சொல்லிவிட்டாள்.

நண்பர் என்னிடம் வந்து உட்கார்ந்தார். "ஸார், நீங்களே சொல்லுங்கோ. பதினாறு வருஷம். எத்தனை ரயில், எத்தனை பணம். இப்போ போய் கறுப்புக் கோட்டா?" என்றார். நான் அவளைக் கூப்பிட்டு அனுப்பினேன். வந்தாள். நம்மைப் போன்ற பெரியவர்கள் வழக்கமாகச் சொல்வதைத்தான் நானும் சொன்னேன்: "ஒண்ணைப் பாதியிலே விட்டுட்டு ஓடறது நம்மாத்து வழக்கமில்லையேம்மா."

அவள் பதில் சொல்லவில்லை. காப்பியைக் குடித்தாள், டம்ளர் டவராவை எடுத்துப்போய் சமையலறையில் அலம்பி வைத்தாள், "வரேன் தாத்தா" என்று போய்விட்டாள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. 'பாதி' என்று சொன்னேனே, எது பாதி? பாலே ஆடுபவர்களுக்கு முழு ஆயுள் எவ்வளவு என்று எனக்குத் தெரியுமா? தெரியாமல் சொன்னது தப்பு அல்லவா? அங்கிருந்துதான் படிக்க ஆரம்பித்தேன்.

முதலில் பாலே. நம் ஊர் சபாக்களில் ஒரு காலத்தில் நாட்டிய நாடகத்தையே 'பாலே' என்று விளம்பரம் செய்வார்கள். அந்தப் பாலே வேறு, ஐரோப்பிய பாலே வேறு. பரதத்தில் அரைமண்டி, பூமியைத் தட்டி ஆடுவது. பாலேயில் பூமியை விட்டு எழும்ப வேண்டும். கால் விரல் நுனியில் மொத்த உடம்பின் பாரமும் நிற்கும். 'ஸ்வான் லேக்' நாட்டியத்தில் கறுப்பு அன்னமாக வருபவள் ஒற்றைக் காலில் 32 தடவை சுழல்கிறாள். பி.எஸ்ஸி.யில் பௌதிகம் படித்தவன் என்பதால் எனக்கு அதில் ஒரு தனி ரசனை. சுழலும்போது கையையும் காலையும் உடம்போடு சேர்த்தால் வேகம் கூடும், நீட்டினால் குறையும். கோண உந்தம் மாறாது என்று பாடத்தில் படித்தோமே, அதுதான். சுழல்நாற்காலியில் உட்கார்ந்து நீங்களும் செய்து பார்க்கலாம். ஆனால் நம் வயதில் வேண்டாம்.

பௌதிகம் இலவசமாகக் கிடைப்பதில்லை. குதித்து இறங்கும் ஒவ்வொரு தடவையும் உடம்பின் பாரத்தைப்போலப் பல மடங்கு விசையைக் கணுக்காலும் முழங்காலும் தாங்குகின்றன. முப்பத்தைந்து, நாற்பதைத் தாண்டி முக்கிய வேஷங்களில் நிற்பவர்கள் குறைவு. பாரிஸ் ஓபரா பாலேயில் ஓய்வு வயது என்ன தெரியுமா? 42. அவர்களுக்கு விசேஷப் பென்ஷன் திட்டம் ஒன்று உண்டு. பதினான்காம் லூயி மன்னர் காலத்தில், 1698-ல் ஆரம்பித்தது. பென்ஷன் என்ற சொல்லைக் கேட்டதும் இங்கே பல முகங்கள் மலர்வதைக் கவனிக்கிறேன்! அந்தத் திட்டத்தில் பிரெஞ்சு அரசாங்கம் கை வைக்கப் பார்த்ததால், 2019 டிசம்பர் 24 அன்று அந்த நாட்டியப் பெண்கள் ஓபரா மாளிகையின் வாசல்படியில், குளிரில், 'ஸ்வான் லேக்' பகுதியை ஆடித் தங்கள் எதிர்ப்பைக் காட்டினார்கள்.

நாம் 58-லோ 60-லோ ஓய்வு பெற்றோம். அதை யாரும் பாதியில் ஓடியதாகச் சொல்லவில்லை. மாலை போட்டு, கடிகாரம் கொடுத்து அனுப்பினார்கள்.

பரதநாட்டியத்தில் இந்த நிர்ப்பந்தம் இவ்வளவு இல்லை. வயதானால் நிருத்தத்தைக் குறைத்து அபிநயத்தில் நிற்கலாம். வைஜயந்திமாலா 90 வயதில், 2024-ல், அயோத்தியில் ஆடினதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். பாலேயில் அப்படிச் சாய்ந்துகொள்ள ஒரு சுவர் கிடையாது. அதனால்தான் மேல்நாடுகளில் ஆடி முடித்தவர்களுக்கு இரண்டாவது தொழிலைத் தேடிக் கொடுப்பதற்கென்றே ஸ்தாபனங்கள் ஏற்பட்டன. நியூயார்க்கில் 1985-ல் அப்படி ஒன்று தொடங்கினார்கள். அங்கே வேறொரு சங்கடமும் உண்டு. பதினேழு, பதினெட்டு வயதிலேயே குழுவில் சேர்ந்துவிடுவதால் கல்லூரிப் பக்கமே போவதில்லை. முப்பத்தைந்து வயதில் கையில் பட்டமில்லாமல் நிற்பார்கள். கலிபோர்னியாவில் செயின்ட் மேரீஸ் என்ற கல்லூரி 1999-ல், ஆடிக்கொண்டே பி.ஏ. முடிக்கும்படி அவர்களுக்கென்று ஒரு படிப்பை ஏற்படுத்தியது. பட்டம் இருந்தால்தானே அங்கே சட்டக் கல்லூரிக்குப் போக முடியும்.

நம் நண்பர் வீட்டில் அந்தச் சங்கடம் இல்லை. "நீ எங்கே வேணா ஆடு, ஆனா பி.காம். முடிச்சுடு" என்று தாத்தா பிடித்த பிடி. அப்போது அவள் அழுதாள். இப்போது அந்த பி.காம்.தான் வாசலைத் திறந்திருக்கிறது. ஆனால் இது நண்பருக்குத் தோன்றவே இல்லை. நான்தான் போய்ச் சொன்னேன்.

அடுத்து, நாட்டியத்துக்கும் வக்கீல் தொழிலுக்கும் என்ன சம்பந்தம் என்ற கேள்வி. இங்கேதான் நான் வெட்கப்பட வேண்டியதாயிற்று. பரதநாட்டியம் இன்று நம் வீட்டுப் பெண்கள் அரங்கேற்றம் செய்யும் கலையாக இருக்கிறதென்றால், அதற்குப் பெரிய காரணமாக இருந்தவர் ஒரு வக்கீல். நம் கல்லிடைக்குறிச்சிக்காரர். ஈ. கிருஷ்ணய்யர். 1897-ல் பிறந்தவர். சென்னை உயர் நீதிமன்றத்தில் வக்கீல், சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றவர். சுகுண விலாஸ சபையில் நாடகம் நடித்தவர். நடிப்புக்காகச் சதிர் ஆட்டத்தைக் கற்கத் தொடங்கி, மெலட்டூர் நடேசய்யரிடம் முறையாகப் பயின்றார். பிறகு பெண் வேஷம் கட்டிக்கொண்டு தாமே மேடை மேடையாக ஆடினார். காலையில் கோர்ட், சாயங்காலம் சலங்கை. அந்தக் காலத்துச் சென்னையில், அதுவும் நம் சமூகத்தில், அவர் என்னென்ன பேச்சுக் கேட்டிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

சதிர் என்றால் தேவதாசிகள், தேவதாசிகள் என்றால் இழிவு என்று நினைத்த நாள் அது. டாக்டர் முத்துலக்ஷ்மி ரெட்டி அந்த வழக்கத்தையே ஒழிக்கப் போராடிக்கொண்டிருந்தார். பெண் குழந்தைகளைப் பொட்டுக்கட்டி விடும் கொடுமையைக் கண்முன்னே பார்த்த டாக்டர் அவர். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. 1932-ல் அவரும் கிருஷ்ணய்யரும் பத்திரிகைகளில் கடிதத்துக்குக் கடிதம் எழுதி வாதாடினார்கள். வழக்கம் ஒழியட்டும், கலை ஒழியக் கூடாது என்பது கிருஷ்ணய்யர் கட்சி. எதிர்த்தரப்பு சொல்வதில் ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொண்டு, மீதியை மட்டும் பிடித்துக்கொள்வது வக்கீலின் வித்தை. வெறும் ரசிகராக இருந்திருந்தால் அவர் அந்த வாதத்தில் நின்றிருக்க முடியாது. வெறும் வக்கீலாக இருந்திருந்தால் அந்தக் கட்சியை எடுத்தே இருக்க மாட்டார்.

வாதாடியதோடு நிற்கவில்லை. மியூசிக் அகாடமியின் காரியதரிசிகளில் ஒருவராக இருந்து, 1931 மார்ச் 15 அன்று திருவாளப்புத்தூர் கல்யாணி அம்மாளின் பெண்கள் இருவரை அகாடமி மேடையில் ஆடச் செய்தார். 1933 புத்தாண்டு அன்று அவர்கள் மறுபடி ஆடினார்கள். அதைப் பார்க்க வந்தவர்களில் ஒருவர் ருக்மிணி தேவி.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நம் கூட்டங்களில் இந்தச் சரித்திரத்தைச் சொல்லும்போது பாதியில் நிறுத்திவிடுவது வழக்கம். 1947-ல் சென்னை மாகாணத்தில் பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. இங்கே பம்பாய் மாகாணத்தில் 1934-லேயே வந்துவிட்டது. சட்டம் அவசியம்தான். ஆனால் தலைமுறை தலைமுறையாகக் கலையைக் காப்பாற்றிய குடும்பத்துப் பெண்களில் பலர், பாலசரஸ்வதி போன்ற சிலரைத் தவிர, மேடையை விட்டே போய்விட்டார்கள். நம் பெண்கள் வந்தார்கள். கிருஷ்ணய்யர் மேடையேற்றிய அந்த இரண்டு சகோதரிகளின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? ராஜலக்ஷ்மி, ஜீவரத்தினம். குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது ருக்மிணி தேவி. நம் நண்பர் பேத்தியின் பாதைக்கு இவர்தான் ரொம்பக் கிட்டே வருகிறார். ருக்மிணி தேவி முதலில் பரதம் ஆடவில்லை, பாலேதான் ஆடினார். 1928-ல் பம்பாயில் ரஷ்ய நாட்டியத் தாரகை அன்னா பாவ்லோவாவின் ஆட்டத்தைப் பார்த்தார். பிறகு ஆஸ்திரேலியா போகும் கப்பலில் அவரோடு சிநேகம் ஏற்பட்டது. பாவ்லோவா தம் குழுவிலிருந்த கிளியோ நார்டியிடம் பாலே கற்க ஏற்பாடு செய்தார். உன் நாட்டுக் கலையைத் தேடிப் பார் என்று புத்தி சொன்னவரும் பாவ்லோவாதான். அப்புறம் பந்தநல்லூர் மீனாக்ஷிசுந்தரம் பிள்ளையிடம் பயிற்சி, 1935 டிசம்பரில் அடையாற்றில் அரங்கேற்றம், 1936-ல் கலாக்ஷேத்ரா. இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும்.

பலரும் கவனிக்காத விஷயம் அதற்குப் பிறகு வருகிறது. 1952-ல் அவர் ராஜ்ய சபைக்கு நியமன உறுப்பினராகப் போனார். கலைஞர்கள் நியமனமானால் கௌரவத்துக்கு உட்கார்ந்துவிட்டு வருவது உண்டு. இவர் சட்டம் எழுதினார். மிருகவதைத் தடுப்புக்காக 1953-ல் ஒரு தனிநபர் மசோதாவைக் கொண்டுவந்தார். அவர் சட்டப் பட்டம் வாங்கியவர் அல்ல, கோர்ட்டில் நின்றவரும் அல்ல. ஆனாலும் ஆய்வுக்கூடம், வண்டிமாடு, கசாப்புக்கடை, சர்க்கஸ் என்று ஒவ்வொன்றாகப் பிரித்து எழுதிக்கொண்டு சபையில் நின்றார். நேரு எழுந்து அவர் நோக்கத்தைப் பாராட்டிவிட்டு, மசோதாவை வாபஸ் வாங்கிக்கொள்ளுங்கள், அரசாங்கமே கமிட்டி போட்டு விரிவான சட்டம் கொண்டுவரும் என்றார்.

இங்கே நான் கொஞ்சம் நிற்க வேண்டும். அரசாங்கம் கமிட்டி போடும் என்றால் என்ன அர்த்தம் என்று, சர்க்கார் உத்தியோகம் பார்த்த நமக்குத் தெரியும். வேறு யாராக இருந்தாலும் அது குப்பைக்கூடைக்குப் போயிருக்கும். அவர் ஒப்புக்கொண்டு வாபஸ் வாங்கினார், ஆனால் விடவில்லை. ஏழு வருஷம் கழித்து, மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960-ல் நிறைவேறியது. 1962-ல் பிராணிகள் நல வாரியம் அமைந்தபோது அவரே முதல் தலைவர். நம் பார்லிமெண்டில் 1952 முதல் இன்றுவரை நிறைவேறிய தனிநபர் மசோதாக்கள் மொத்தமே 14. 1970-க்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. அந்தக் கணக்கைப் பார்த்தால், அவர் வாபஸ் வாங்கியதுதான் ஜெயம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்தச் சட்டத்தின் கை எவ்வளவு தூரம் நீண்டது என்பது பூனா ஜில்லாக்காரர்களான நமக்கு நன்றாகவே தெரியும். 2014 மே 7 அன்று சுப்ரீம் கோர்ட், தமிழ்நாட்டின் ஜல்லிக்கட்டையும் இங்கே ஜுன்னர், அம்பேகாவ் பக்கமெல்லாம் நடக்கும் மாட்டுவண்டிப் பந்தயத்தையும் நிறுத்தியது 1960-ஆம் வருஷத்துச் சட்டத்தை வைத்துத்தான். வழக்குப் போட்டதும் பிராணிகள் நல வாரியம்தான். பிறகு மாநிலங்கள் திருத்தச் சட்டங்கள் கொண்டுவந்தன. 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு அவை செல்லும் என்று சொல்லிவிட்டது. எந்தத் தீர்ப்பு சரி என்று இங்கே விவாதிக்கப் போவதில்லை, இன்று சாயங்காலம் சண்டையில் முடிந்துவிடும். பாலே கற்ற ஒரு அம்மாள் தொடங்கிவைத்த சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு அறுபது வருஷம் கழித்தும் பெரிய பெரிய வக்கீல்கள் வாதாடினார்கள். எனக்கு அது போதும்.

இத்தனையும் படித்த பிறகு அந்தப் பெண்ணை மறுபடி கூப்பிட்டேன். இந்தத் தடவை நான் பேசவில்லை. "ஏம்மா லா?" என்று மட்டும் கேட்டேன். கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினாள். குழுவோடு அவள் போட்டிருந்த ஒப்பந்தம். எந்தக் குழு என்பது வேண்டாம். அவள் கணுக்கால் கிழிந்தது ஒத்திகையில். ஒப்பந்தத்தில் 'நிகழ்ச்சியின்போது' ஏற்படும் காயத்துக்கு மட்டுமே சிகிச்சைச் செலவு என்று இருந்தது. "ஆறு வருஷமா வருஷாவருஷம் கையெழுத்துப் போட்டேன் தாத்தா. ஒரு தடவைகூடப் படிக்கலை. எங்க குழுவிலே யாருமே படிக்கலை. படிச்சிருந்தாலும் புரிஞ்சிருக்காது" என்றாள். செலவு முழுவதும் தாத்தாவின் சேமிப்பிலிருந்து போயிருக்கிறது. நண்பர் அதை என்னிடம் சொல்லவே இல்லை.

அவள் ஓடவில்லை, திரும்பிப் பார்க்கிறாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

நாட்டியக்காரர்களுக்குச் சட்டம் எவ்வளவு தேவை என்பதற்கு அவளே இன்னொன்று சொன்னாள். நம் காப்புரிமைச் சட்டம் 1957-ல் வந்தது. அதில் நாட்டிய அமைப்புக்கும் காப்புரிமை உண்டு. ஆனால் அது எழுத்திலோ வேறு வகையிலோ பதிவாகியிருக்க வேண்டும். குரு வாயால் ஜதி சொல்லி, கையால் காட்டி, சிஷ்யை மனசில் வைத்துக்கொண்டு ஆடியது கணக்கில் வராது. நம் நட்டுவனார்களின் எத்தனை உருப்படிகள் இப்படி யார் யார் பெயரிலோ போயிருக்கும்! அமெரிக்காவில் மார்த்தா கிரஹாம் என்ற பெரிய நாட்டியக் கலைஞர் 1991-ல் காலமானார். அவர் உயில்படி உரிமை பெற்றவருக்கும் அவர் ஸ்தாபித்த நிறுவனத்துக்கும் நாட்டியங்கள் யாருக்குச் சொந்தம் என்று வழக்கு. 2002-ல் ஒரு தீர்ப்பு, 2004-ல் அப்பீல் தீர்ப்பு. கிரஹாம் அந்த நிறுவனத்தில் சம்பளம் வாங்கிய ஊழியராக இருந்தார், ஆகவே அவர் அமைத்த நாட்டியங்களில் பெரும்பாலானவை நிறுவனத்துக்கே சொந்தம் என்று முடிந்தது. ஆடியவர் போய்விட்டார், கோப்பு மட்டும் பேசியது.

வக்கீல் தொழிலுக்கு நாட்டியப் பயிற்சி எவ்வகையில் உதவும் என்று நண்பர் கேட்டார். நான் உத்தியோகத்தில் இருந்தபோது, இலாகா சார்பில் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு மும்பையில் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தில் எத்தனையோ நாள் உட்கார்ந்திருக்கிறேன். நம் வழக்கு கூப்பிடும்வரை மற்ற வழக்குகளைக் கேட்பதுதான் பொழுதுபோக்கு. நன்றாகச் செய்தவர்கள் இங்கிலீஷ் வெளுத்து வாங்கியவர்கள் அல்ல. நீதிபதியின் முகத்தைப் பார்த்து எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவர்கள்தான். குறுக்கே கேள்வி வந்தால் தடுமாறாமல், விட்ட இடத்துக்குத் திரும்பத் தெரிந்தவர்கள். தாளம் தப்பினால் மிருதங்கக்காரரைப் பார்த்துச் சமத்தில் வந்து சேர்வதில்லையா, அதேதான். முந்தின ராத்திரி தயார் செய்தவர் யார், டாக்ஸியில் கோப்பைப் பிரித்தவர் யார் என்பது நின்ற இரண்டு நிமிஷத்தில் தெரிந்துவிடும். ஒரே அடவை ஆயிரம் தடவை சலிக்காமல் செய்த உடம்புக்கு ஆயிரம் பக்கக் கோப்பு பயமில்லை. இது என் அபிப்பிராயம், அவ்வளவுதான்.

கஷ்டமும் சொல்ல வேண்டும். முதல் சில வருஷங்கள் வருமானம் மிகக் குறைவு. சீனியரிடம் ஜூனியராக இருந்தால் கை செலவுக்கே வராது என்பது பழைய கதை, இன்னும் முழுக்க மாறவில்லை. 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயாவது தர வேண்டும் என்றது. அதே வருஷம் இந்திய பார் கவுன்சிலும் நகரங்களில் 20,000, மற்ற இடங்களில் 15,000 என்று சிபாரிசு செய்து சுற்றறிக்கை விட்டது. சிபாரிசு என்றால் என்ன என்பதும் நமக்குத் தெரியும். முப்பத்திரண்டு வயதில் இருபத்துநான்கு வயதுக்காரர்களோடு வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். கல்யாணப் பேச்சு எடுக்கும் மாமிகள் என்ன சொல்வார்கள் என்பதும் உண்டு. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

மற்ற விவரங்கள், இங்கே பலர் தம் பேரன் பேத்திகளுக்காகக் கேட்டதால். ஏதாவது ஒரு பட்டத்தில் பொதுப் பிரிவினருக்கு 45 சதவிகிதம் இருந்தால் மூன்று வருஷ எல்.எல்.பி.க்கு மனுப் போடலாம். மகாராஷ்டிரத்தில் அரசு நடத்தும் பொது நுழைவுத் தேர்வு உண்டு. படிப்பு முடிந்து மாநில பார் கவுன்சிலில் பதிவு. பதிவுக் கட்டணம் என்று கவுன்சில்கள் ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டிருந்தன. சட்டத்தில் சொன்ன 750 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலை 30 அன்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. அகில இந்திய பார் தேர்விலும் தேற வேண்டும். 45 வயது தாண்டியவர்கள் பதிவு செய்யக் கூடாது என்று முன்பு ஒரு விதி இருந்தது. அது செல்லாது என்று 1995-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. ஆகவே இங்கே முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களும் யோசிக்கலாம்!

எல்லோரும் கேட்கும் கேள்வி: வக்கீலானால் நாட்டியத்தை அடியோடு விட வேண்டுமா? வக்கீலாக இருப்பவர் வேறு முழுநேர உத்தியோகம் பார்க்கக் கூடாது, வியாபாரத்தை நேரில் நடத்தக் கூடாது என்று பார் கவுன்சில் விதிகள் உண்டு. ஆனால் 51-ஆவது விதியைப் பாருங்கள். சட்டமல்லாத பாடங்களையும் வக்கீல் சொல்லிக் கொடுக்கலாம் என்று அதிலேயே இருக்கிறது. இதை அவளிடம் காட்டியபோதுதான், காலை உடைத்துக்கொண்ட பிறகு முதல் தடவையாக, அவள் சிரித்ததைப் பார்த்தேன்.

பெண் பிள்ளைக்கு எதற்குக் கோர்ட் வாசல் என்று கேட்ட ஒருவருக்கும் பதில் இந்த ஊரிலேயே இருக்கிறது. நாசிக்கில் பிறந்து, இங்கே டெக்கான் காலேஜில் படித்த கார்னீலியா சொராப்ஜி 1892-ல் ஆக்ஸ்ஃபோர்டில் சட்டத் தேர்வு எழுதினார். பெண் என்பதால் இங்கே வக்கீலாக நிற்க அவரை விடவில்லை. 1923-ல்தான் அந்தத் தடை சட்டப்படி நீங்கியது. முப்பது வருஷம் காத்திருந்தார். நம் பேத்திக்கு மூன்று வருஷப் படிப்பு.

அவள் நுழைவுத் தேர்வு எழுதி, இடம் கிடைத்து, இப்போது முதல் வருஷம் படிக்கிறாள். கோந்த்வாவிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறிப் போகிறாள். சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் கட்டிடத்துப் பொது ஹாலில் பதினோரு குழந்தைகளுக்கு ஆட்டம் சொல்லிக் கொடுக்கிறாள். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து சொல்வாள், குழந்தைகள் ஆடும். சேரும் குழந்தைகளின் பெற்றோரிடம் ஒரு பக்க ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்து வாங்குகிறாளாம். படித்துப் பார்த்தீர்களா என்று இரண்டு தடவை கேட்ட பிறகுதான் பேனாவைக் கொடுக்கிறாள்.

அடுத்த மாதம் கல்லூரியில் மாதிரி நீதிமன்றப் போட்டி. என்னையும் வரச் சொல்லியிருக்கிறாள். நண்பர், பேத்தியின் அரங்கேற்றத்துக்குக் கட்டிய மயில்கண் வேஷ்டியை இஸ்திரிக்குக் கொடுத்திருக்கிறார். காலை ஒன்பது மணிக்கே போய், வழக்கம்போல வாசலில் உட்கார்ந்துவிடலாம் என்கிறார். தினசரி நான் வாங்கி வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.